எடைக் குறைப்பு ஊசியும் உணவு ஆலோசனையும்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

உடல் பருமனுக்கான புதிய ஊசி மருந்துகள் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்ததிலிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றியவையாகவே இருக்கின்றன. விலை பற்றியும் கிடைக்கும் இடம் பற்றியும் கேட்டவற்றை ஒதுக்கிவிட்டு, மருந்தையும் வாழ்க்கைமுறை ஆலோசனையையும் சேர்த்து நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொட்டுக் கேட்கப்பட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பலர் தங்கள் உடல்நிலையை விவரித்து எழுதியிருப்பதால் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

செமாக்ளூடைட் ஊசி உடல் எடையைப் பதினைந்து சதவீதம் குறைக்கும் என்று செய்தித்தாளில் படித்தேன். அதே செய்தியின் கடைசி வரியில் 'உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சியுடன் சேர்த்து' என்றும் இருந்தது. அப்படியென்றால் எடையைக் குறைத்தது மருந்தா, உணவுக் கட்டுப்பாடா? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சிராப்பள்ளி)

பலர் தாண்டிப் போகும் கடைசி வரியில் நின்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படித்த எண் 2021-இல் வெளியான 'ஸ்டெப் 1' ஆய்விலிருந்து வந்தது. நீரிழிவு இல்லாத, உடல் பருமன் உள்ள 1,961 பேர் 16 நாடுகளிலிருந்து அதில் சேர்க்கப்பட்டு, எவ்விதச் சார்பும் இல்லாத குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். மூன்றில் இரண்டு பங்கினர் வாரத்துக்கு ஒருமுறை 2.4 மி.கி. செமாக்ளூடைட் போட்டுக்கொண்டனர், மற்றவர்கள் அதைப் போலவே தோன்றும், மருந்தில்லாத ஊசியைப் போட்டுக்கொண்டனர். யாருக்கு எது கிடைத்தது என்பது அவர்களுக்கும் தெரியாது, அவர்களைக் கவனித்த மருத்துவர்களுக்கும் தெரியாது. ஆனால் இரு பிரிவினருக்கும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசனை கிடைத்தது. அன்றாடத் தேவையைவிட 500 கலோரி குறைவாக உண்ணவும், வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபடவும் இரு பிரிவினருமே அறிவுறுத்தப்பட்டனர்.

68 வாரங்களுக்குப் பின் மருந்துப் பிரிவினர் சராசரியாக 14.9 சதவீத எடையையும், போலி ஊசிப் பிரிவினர் 2.4 சதவீத எடையையும் இழந்திருந்தனர். ஆலோசனை இரு பக்கமும் ஒரே அளவில் இருந்ததால், இடையிலுள்ள சுமார் 12 சதவீதப் புள்ளிகளை மருந்தின் கணக்கில் எழுதலாம். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான விடை, பெரும்பகுதி மருந்தால் குறைந்தது என்பதுதான்.

ஆனால் இதை வைத்து 'உணவுக் கட்டுப்பாடு தருவது வெறும் 2.4 சதவீதம்தான்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதலாவதாக, அது சராசரி. போலி ஊசி போட்டுக்கொண்டவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைந்திருந்தார். இரண்டாவதாக, மாதம் ஒருமுறை அழைத்துப் பேசுவது மிதமான ஆலோசனைதான். அதே ஆண்டு அமெரிக்காவில் 611 பேரிடம் நடத்தி வெளியிடப்பட்ட 'ஸ்டெப் 3' ஆய்வில் ஆலோசனையைத் தீவிரமாக்கிப் பார்த்தார்கள். முதல் எட்டு வாரங்களுக்கு நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 கலோரி மட்டுமே தரும் அளவிட்ட உணவு வழங்கப்பட்டது; 68 வாரங்களில் உணவியல் நிபுணருடன் 30 அமர்வுகள் நடந்தன. அங்கே போலி ஊசிப் பிரிவினர் 5.7 சதவீதம் இழந்தார்கள். அதாவது முந்தைய ஆய்வின் இருமடங்குக்கும் மேல். செமாக்ளூடைட் பிரிவினரோ 16.0 சதவீதம் இழந்தார்கள்; முந்தைய ஆய்வைவிட ஒரு புள்ளிதான் கூடுதல்.

இவை வெவ்வேறு மக்களிடம் நடந்த வெவ்வேறு ஆய்வுகள் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துத் துல்லியமான முடிவு சொல்ல முடியாது. இருந்தாலும், வலிமை மிக்க மருந்து இருக்கும்போது அமர்வுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதால் தராசு முள் பெரிதாக அசைவதில்லை என்பதை இந்த இரு ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன என்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் உணவியல் ஆலோசகருக்கு இனி என்ன வேலை? நான் உணவியல் படிக்கும் மாணவி. மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தால்தான் முழுப் பயன் என்று எங்கள் வகுப்பில் கற்பிக்கிறார்கள். (மதுரை)

உங்கள் ஆசிரியர்கள் சொல்வதற்கு நல்ல அடிப்படை உண்டு. அந்த அடிப்படை எந்த மருந்தை வைத்து உருவானது என்பதையும் அறிந்துகொண்டால் குழப்பம் தீரும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் தாமஸ் வாடனும் அவருடைய குழுவினரும் 2005 நவம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் அடிக்கல்களில் ஒன்று. அப்போது புழக்கத்தில் இருந்த மாத்திரை சிபுட்ரமைன். உடல் பருமன் உள்ள 224 பேர் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். முதல் பிரிவினர் நாள்தோறும் 15 மி.கி. சிபுட்ரமைன் எடுத்துக்கொண்டு, ஓராண்டில் எட்டு முறை, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் மருத்துவரைப் பார்த்தார்கள். இரண்டாம் பிரிவினருக்கு மாத்திரை கிடையாது. 30 குழு ஆலோசனை அமர்வுகள் மட்டும். மூன்றாம் பிரிவினருக்கு மாத்திரையும் 30 அமர்வுகளும் சேர்ந்து கிடைத்தன. நான்காம் பிரிவினருக்கு மாத்திரையோடு, மருத்துவரே அந்த எட்டுச் சந்திப்புகளில் சுருக்கமாக ஆலோசனையும் வழங்கினார். நால்வகையினருக்கும் 1,200 முதல் 1,500 கலோரி வரையிலான ஒரே உணவுத் திட்டமும் ஒரே உடற்பயிற்சியும் எழுதித் தரப்பட்டன.

ஓராண்டு முடிவில் மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் சராசரியாக 5.0 கிலோவும், ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் 6.7 கிலோவும், மாத்திரையோடு சுருக்கமான ஆலோசனை பெற்றவர்கள் 7.5 கிலோவும், மாத்திரையையும் 30 அமர்வுகளையும் சேர்த்துப் பெற்றவர்கள் 12.1 கிலோவும் குறைந்திருந்தனர். தனித்தனியே கிடைத்த ஐந்தையும் ஆறே முக்காலையும் கூட்டினால் ஏறக்குறைய அந்தப் பன்னிரண்டே வருவதைக் கவனியுங்கள். இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் முழுமையாகக் கூடியிருக்கின்றன. உணவுத் திட்டத்தைத் தாளில் எழுதிக் கையில் கொடுப்பது மட்டும் போதாது என்பதற்கும் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஏனெனில் முதல் பிரிவினரின் கையிலும் அதே தாள்தான் இருந்தது.

அந்த ஆய்வின் இன்னொரு தகவலும் உங்களுக்குப் பயன்படும். சேர்க்கைப் பிரிவில், தாம் உண்டதை அடிக்கடி எழுதிவைத்தவர்கள் 18.1 கிலோவும், எப்போதாவது எழுதியவர்கள் 7.7 கிலோவும் குறைந்தார்கள். எழுதியதால் குறைந்தார்களா, ஊக்கம் மிகுந்தவர்கள் என்பதால் எழுதவும் செய்தார்களா என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது; எழுதுவதும் எழுதாததும் குலுக்கலில் தீர்மானிக்கப்பட்டவை அல்ல. உங்கள் தேர்வில் இதைக் கேட்டால் இந்த ஒரு வரியை மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

பின்னர் வந்த லிராக்ளூடைட் ஊசியை வைத்து அதே குழுவினர் 150 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தீவிர ஆலோசனை மட்டும் பெற்றவர்கள் ஓராண்டில் 6.1 சதவீதமும், அதே ஆலோசனையோடு ஊசியும் பெற்றவர்கள் 11.5 சதவீதமும் எடை குறைந்தனர். ஆலோசனைக்கு மேல் மருந்தைச் சேர்த்தால் பயன் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. மருந்துக்கு மேல் தீவிர ஆலோசனையைச் சேர்த்தால் எவ்வளவு கூடும் என்பதுதான் மருந்துக்கு மருந்து மாறுகிறது. சிபுட்ரமைனுக்கு அது வலுவான துணையாக இருந்தது. செமாக்ளூடைட்டுக்கு எடைக் கணக்கில் அவ்வளவாக இல்லை.

ஏன் இப்படி என்பதற்கு என் புரிதலைச் சொல்கிறேன். ஆலோசனையில் நாம் கற்றுத்தருவது பெரும்பாலும் சூழலைக் கையாளும் உத்திகள்: பலகாரத்தை வீட்டில் வாங்கி வைக்காமல் இருப்பது, தொலைக்காட்சி முன் சாப்பிடாமல் இருப்பது, பசிக்கும் சலிப்புக்கும் வேறுபாடு அறிவது, உண்டதை எழுதுவது. பசியையும் உணவு பற்றிய நினைப்பையும் உள்ளிருந்தே அடக்கிவிடும் மருந்து வரும்போது இந்த உத்திகளுக்கு மிஞ்சியிருக்கும் வேலை குறைகிறது. அதற்குப் பதிலாக வேறு வேலைகள் வந்து சேர்கின்றன: குமட்டல் வரும் வாரங்களில் எதை, எவ்வளவு, எந்த இடைவெளியில் உண்பது, குறைந்த அளவு உணவுக்குள் போதிய புரதத்தையும் நாரையும் நீரையும் எப்படி அடக்குவது, மலச்சிக்கலை எப்படிச் சமாளிப்பது, மருந்தை நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வது. எடை எவ்வளவு குறைந்தது என்று மட்டும் அளக்கும் ஆய்வில் இந்த வேலைகளுக்கு மதிப்பெண் கிடையாது. ஆலோசனையால் பயனில்லை என்று அவசரப்பட்டு எழுதுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

என் அண்ணன் 2008 வாக்கில் சிபுட்ரமைன் மாத்திரை எடுத்துக்கொண்டார். இப்போது அது எந்தக் கடையிலும் இல்லை என்கிறார்கள். என்ன ஆயிற்று? (கோயம்புத்தூர்)

தடை செய்யப்பட்டுவிட்டது. இதய நோயோ நீரிழிவோ உள்ள ஏறத்தாழ 9,800 பேரிடம் நடத்தப்பட்ட 'ஸ்கவுட்' ஆய்வில், சிபுட்ரமைன் எடுத்தவர்களில் 11.4 சதவீதத்தினருக்கும், போலி மாத்திரை எடுத்தவர்களில் 10.0 சதவீதத்தினருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் பாதிப்புகளோ இதய நோயால் இறப்போ நேர்ந்தன. 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது விலக்கப்பட்டது. 2011-இல் இந்தியாவும் தடை விதித்தது. அதற்கு முன் 1997-இல் ஃபென்ஃப்ளூரமைன் இதய வால்வுகளைப் பாதித்ததாலும், 2008-இல் ஐரோப்பாவில் ரிமோனாபன்ட் மனச்சோர்வை உண்டாக்கியதாலும் விலக்கப்பட்டிருந்தன. எடைக் குறைப்பு மருந்துகளின் வரலாறு அப்படிப்பட்டது. புதிய மருந்துகளை மருத்துவர்கள் முதலில் தயங்கித் தயங்கியே அணுகியதற்கு இதுவும் காரணம்.

செமாக்ளூடைட்டைப் பொறுத்தவரை 2023-இல் வெளியான 'செலக்ட்' ஆய்வு முக்கியமானது. ஏற்கெனவே இதய, இரத்தநாள நோய் உடைய, ஆனால் நீரிழிவு இல்லாத 17,604 பேரிடம் அது மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் இறப்பு ஆகியவற்றின் கூட்டு அபாயத்தை 20 சதவீதம் குறைத்தது. சிபுட்ரமைன் தோற்ற அதே தேர்வில் இது தேறியிருக்கிறது. உங்கள் அண்ணன் மாத்திரையை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் அதை எண்ணி இப்போது அஞ்ச வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தை மட்டும் வழக்கம்போலப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

எல்லாம் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுகளாகவே இருக்கின்றன. நம் ஊர் உணவு உண்பவர்களிடம் மருந்தையும் ஆலோசனையையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு எதுவும் இல்லையா? (சென்னை)

நீங்கள் இருக்கும் ஊரிலேயே நடந்திருக்கிறது. ஆனால் அதன் நோக்கம் நீரிழிவைத் தடுப்பது; எடைக் குறைப்பு அதன் ஒரு பகுதி மட்டுமே.

மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை அளவு எல்லையைத் தொட்டு நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினருக்கு வாழ்க்கைமுறை மாற்றம். மூன்றாம் பிரிவினருக்கு மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும். மூன்றாண்டுக் கணக்கில் வழக்கமான அறிவுரைப் பிரிவில் 55.0 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. மற்ற மூன்று பிரிவுகளிலும் அது முறையே 39.3, 40.5, 39.5 சதவீதமாக இருந்தது. வாழ்க்கைமுறை மாற்றமும் பயன் தந்தது, மாத்திரையும் பயன் தந்தது; ஆனால் இரண்டையும் சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. பென்சில்வேனியாவில் ஐந்தும் ஆறே முக்காலும் சேர்ந்து பன்னிரண்டு ஆனதற்கு நேர்மாறு இது. கொடுக்கப்பட்ட மெட்ஃபார்மின் அளவும் சிறியதுதான். பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு 500 மி.கி. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 1,700 மி.கி. கொடுத்தார்கள், அங்கே வாழ்க்கைமுறை மாற்றம் நீரிழிவு வரும் வாய்ப்பை 58 சதவீதமும், மெட்ஃபார்மின் 31 சதவீதமும் குறைத்தன. இரண்டையும் சேர்த்த பிரிவு அங்கே கிடையாது.

சென்னை ஆய்வில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. அதில் பங்கேற்றவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவே இல்லை. ஆனாலும் நீரிழிவு தள்ளிப்போனது. நடையும் உணவு மாற்றமும் எடைக் கருவியில் தெரியாமலேயே வேலை செய்திருக்கின்றன. எடை இறங்கவில்லை என்று இரண்டே மாதத்தில் நடைப்பயிற்சியைக் கைவிடுபவர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் எடுத்துச் சொல்வேன்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் இணைந்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நடைமுறைக்கு ஒத்தது. எடை மிகுந்த, நீரிழிவின் விளிம்பில் இருந்த 578 பேரில் ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் குழு வகுப்புகள் நடத்தி, நான்கு மாதமோ அதற்கு மேலோ ஆனபின்னும் அபாயம் மிகுந்திருந்தவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மினைச் சேர்த்தார்கள். மூன்றாண்டில் நீரிழிவு வரும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்தது. ஆனால் வகுப்புக்கு வந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மாத்திரையும் தேவைப்பட்டது. மாத்திரை தேவைப்பட்டதைத் தோல்வியாக எண்ண வேண்டாம் என்று நோயாளிகளிடம் சொல்வதற்கு அந்த எழுபத்திரண்டு போதும்.

எட்டு மாதமாக ஊசி போட்டுப் பதினோரு கிலோ குறைந்திருக்கிறேன். செலவு தாங்கவில்லை. நிறுத்தினால் எடை திரும்பிவிடுமா? (ஈரோடு)

பெரும்பாலானோருக்குத் திரும்புகிறது. 'ஸ்டெப் 4' ஆய்வில் எல்லோருக்கும் 20 வாரம் செமாக்ளூடைட் கொடுத்துவிட்டு, அதன்பின் 803 பேரைப் பிரித்து ஒரு பங்கினருக்கு மட்டும் அவர்கள் அறியாமல் போலி ஊசிக்கு மாற்றினார்கள். தொடர்ந்தவர்கள் அடுத்த 48 வாரத்தில் மேலும் 7.9 சதவீதம் குறைந்தார்கள், மாற்றப்பட்டவர்கள் 6.9 சதவீதம் கூடினார்கள். மாற்றப்பட்டவர்களுக்கும் ஆலோசனை நிற்காமல் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். 'ஸ்டெப் 1' முடிந்தபின் மருந்தையும் ஆலோசனையையும் ஒருசேர நிறுத்தி 327 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தபோது, அவர்கள் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. டிர்செபடைட் ஊசியிலும் நிலைமை இதுவே. 36 வாரத்தில் 20.9 சதவீதம் குறைந்தவர்களில் போலி ஊசிக்கு மாற்றப்பட்டோர் ஓராண்டில் 14 சதவீதம் கூடினார்கள். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போன்றதே இது; உங்கள் மன உறுதியின் குறை என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு உதவக்கூடிய ஒரு டேனிஷ் ஆய்வு இருக்கிறது. கோபன்ஹேகனில் 195 பேர் எட்டு வாரம் நாளுக்கு 800 கலோரி மட்டும் உண்டு சராசரியாக 13.1 கிலோ குறைந்தார்கள். பிறகு ஓராண்டுக்கு ஒரு பிரிவினர் மேற்பார்வையுடன் கூடிய உடற்பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவினர் லிராக்ளூடைட் போட்டுக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் இரண்டையும் மேற்கொண்டார்கள். எஞ்சியவர்களுக்குப் போலி ஊசி. ஆண்டு முடிவில் போலி ஊசிப் பிரிவோடு ஒப்பிட, உடற்பயிற்சிப் பிரிவினர் 4.1 கிலோவும், மருந்துப் பிரிவினர் 6.8 கிலோவும், இரண்டையும் மேற்கொண்டவர்கள் 9.5 கிலோவும் குறைவாக இருந்தனர். 2021-இல் இந்த முடிவு வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி மேலும் ஓராண்டு கழித்து அவர்களை மீண்டும் அழைத்து எடை பார்த்தபோதுதான் வேறுபாடு நன்றாகத் தெரிந்தது. மருந்து மட்டும் போட்டிருந்தவர்களுக்கு எடை அதிகமாகத் திரும்பியிருந்தது. மருந்தோடு உடற்பயிற்சியும் செய்திருந்தவர்கள் குறைத்ததில் கூடுதலான பகுதியைத் தக்கவைத்திருந்தார்கள்.

ஆகவே நாளையே நிறுத்திவிடாமல், உங்கள் மருத்துவரிடம் செலவை வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறைந்த அளவில் தொடர முடியுமா என்று கேளுங்கள். நிறுத்துவதென்று முடிவானால் அதற்குச் சில மாதங்கள் முன்பே முறையான உடற்பயிற்சியைத் தொடங்கி, ஊசி இருக்கும்போதே அதைப் பழக்கமாக்கிவிடுங்கள். ஊசி நின்று பசி முழு வேகத்தில் திரும்பும் நாட்களில் புதிதாக எதையும் தொடங்குவது கடினம்.

எனக்கு வயது 61; சைவ உணவு மட்டுமே உண்பவள். இந்த ஊசியால் கொழுப்போடு தசையும் கரையும் என்கிறார்களே? (தஞ்சாவூர்)

எந்த வழியில் எடை குறைந்தாலும் கொஞ்சம் தசையும் சேர்ந்தே குறையும். 'ஸ்டெப் 1' ஆய்வில் 140 பேரின் உடலமைப்பை ஊடுகதிர் கருவியால் அளந்தபோது, கொழுப்பு 19 சதவீதமும், கொழுப்பல்லாத திசு 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் குறைந்திருந்தன. கொழுப்பல்லாத திசு என்பதில் தசையோடு நீரும் உறுப்புகளும் அடங்கும் என்பதால் அதை அப்படியே தசை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய அளவுதான்.

பசி குறையும்போது நம் வீடுகளில் தட்டில் முதலில் குறைவது சோறு அல்ல; பருப்பும் கூட்டும் பொரியலும்தான். சோற்றை ஒரு கரண்டி குறைத்துவிட்டு, கெட்டிப் பருப்பு, சுண்டல், பனீர், தயிர், முளைகட்டிய பயறு இவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நடைப்பயிற்சி மட்டும் தசையைக் காக்காது. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்ற பளுப் பயிற்சிகள் வாரம் இரண்டு மூன்று நாளாவது தேவை.

எங்கள் ஊர் மருத்துவமனையில் புதிய எடைக் குறைப்பு மருந்துக்கான ஆய்வில் சேர அழைக்கிறார்கள். மருந்து, பரிசோதனை எல்லாம் இலவசம் என்கிறார்கள். நான் 34 வயதுப் பெண். போலி ஊசி கிடைத்தால் ஓராண்டு வீண்தானே? சேரலாமா? (சேலம்)

சேரலாமா என்பதை உங்கள் உடல்நிலை தெரிந்த மருத்துவரோடு பேசி நீங்களே முடிவுசெய்ய வேண்டும். அதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

இந்தியாவில் எந்த மருந்து ஆய்வும் தொடங்குமுன், மத்திய அரசின் ஆய்வுப் பதிவேட்டில் பதிவுசெய்யப்பட வேண்டும் என்பது 2009-இலிருந்து கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்து ஆய்வுகள் விதிகளின்படி நெறிக்குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். ஆய்வின் விவரம் உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தரப்பட வேண்டும். ஆய்வின் காரணமாகப் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் நீங்கள் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஒப்புதல் படிவத்தை அங்கேயே கையெழுத்திடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து படிக்கக் கேளுங்கள். அதற்குத் தயங்கும் இடமாக இருந்தால், அதுவே உங்களுக்குத் தேவையான விடை.

போலி ஊசி பற்றிய உங்கள் வருத்தம் இயல்பானதே. எத்தனை பேரில் எத்தனை பேருக்குப் போலி ஊசி என்று படிவத்தில் இருக்கும். அந்தப் பிரிவில் விழுந்தாலும் மாதாமாதம் பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கும். அந்த ஆலோசனை எப்படிப்பட்டது என்பதைக் கேளுங்கள். தமிழில் பேசும் உணவியல் நிபுணர் இருக்கிறாரா, நம் சமையலுக்கு ஏற்றபடி சொல்வாரா, அல்லது மொழிபெயர்த்த துண்டுத்தாள் ஒன்றோடு முடித்துவிடுவார்களா? ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். ஈரோட்டு வாசகருக்குச் சொன்ன பதிலைப் படித்தால் அது ஏன் முக்கியம் என்று தெரியும்.

உங்கள் வயதைக் குறிப்பிட்டதால் இன்னொன்று. இத்தகைய ஆய்வுகளில் சேரும் பெண்கள் ஆய்வுக் காலம் முழுவதும் கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும். செமாக்ளூடைட்டை, கருவுறத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரைகளின் பலனைக் குறைக்கலாம். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இந்த அழைப்பை ஏற்காதீர்கள். குடும்பத்தில் யாருக்கேனும் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தாலும், உங்களுக்கு முன்பு கணைய அழற்சி வந்திருந்தாலும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

என் உடல் நிறை எண் (பி.எம்.ஐ.) 26. இந்தியக் கணக்கில் இது உடல் பருமன் என்கிறார்கள். நான் ஊசி போட்டுக்கொள்ளலாமா? (திருநெல்வேலி)

ஆசிய இந்தியர்களுக்கு 23-க்கு மேல் மிகை எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று இந்திய வல்லுநர்கள் 2009-இல் வகுத்தது உண்மைதான். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வருவதால் அப்படி வகுத்தார்கள். ஆனால் மேலே சொன்ன பெரிய ஊசி ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 30-க்கு மேற்பட்டவர்கள், அல்லது 27-க்கு மேற்பட்டு எடை சார்ந்த வேறொரு நோயும் உடையவர்கள். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் 401 பேரிடம் நடந்த 'ஸ்டெப் 6' ஆய்விலும் தொடக்க எல்லை 27தான். அந்த எண்கள் உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு வைத்த இலக்கு, எடையில் ஏழு சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட நடையும். நீங்கள் எழுபது கிலோ இருந்தால் அது ஐந்து கிலோ. இடுப்புச் சுற்றளவையும், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்துவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

எனக்கு எழுதிக்கொடுத்த ஊசிப் பேனாவில் இரண்டு வார மருந்து மிச்சம் இருக்கிறது. தங்கை கேட்கிறாள். ஊசி முனையை மாற்றிவிட்டுக் கொடுக்கலாமா? (வேலூர்)

கூடாது. முனையை மாற்றினாலும் பேனாவின் உள்ளே இரத்தம் கசிந்திருக்கக்கூடும் என்பதால் தொற்றுநோய்கள் பரவ வாய்ப்புண்டு. ஒரு பேனா ஒருவருக்கு மட்டுமே. மேலும், இம்மருந்துகளை மிகக் குறைந்த அளவில் தொடங்கிச் சில வாரங்களுக்கு ஒருமுறை படிப்படியாகவே கூட்ட வேண்டும். நீங்கள் பல மாதங்களில் எட்டிய அளவைத் தங்கை முதல் நாளே போட்டுக்கொண்டால் கடும் வாந்தியும் நீரிழப்பும் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரலாம்.